‘ஆயிருச்சு’ வேண்டாம், ‘பண்ணிட்டேன்’ என்று சொல்லுங்கள்

டாக்டரம்மா பதில்கள்

ஆபரேஷனில் ஏதாவது தப்பு நடந்தால் டாக்டரே வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. அதனால் இந்த மாதம் சர்க்கரைக்கும் முழங்கால் வலிக்கும் லீவு.

*என் அம்மாவுக்கு வயது 58. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது, காய்ச்சலும் வந்தது. ‘சில பேருக்கு இப்படி ஆகும்’ என்றார்கள். ஆறாம் நாள், ‘பெரிய இடத்துக்குக் கொண்டு போங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டர், ‘மெயின் குழாயிலயே கிளிப் போட்டிருக்காங்களே’ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறுபடி ஆபரேஷன் ஆகி அம்மா தேறி வருகிறார். முதல் டாக்டர் எங்கள் குடும்பத்துக்குப் பல வருடப் பழக்கம். அவரிடம் போய்க் கேட்பதா, விட்டுவிடுவதா?*
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

போய்க் கேளுங்கள். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளப் போகச் சொல்கிறேன்.

என்ன நடந்திருக்கும் என்று முதலில் சொல்கிறேன். பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் வந்து, கல்லீரலிலிருந்து இறங்கும் பெரிய பித்தக் குழாயில் சேரும். சின்னக் குழாயில் கிளிப் போட்டு வெட்டிப் பையை எடுக்க வேண்டும். பை நாள்பட வீங்கி எல்லாவற்றோடும் ஒட்டிக் கிடந்தால், பெரிய குழாய் இழுபட்டு வந்து சின்னக் குழாய் மாதிரியே கண்ணுக்குத் தெரியும். திரையில் பார்த்து, ‘இதுதான்’ என்று நம்பிக் கிளிப் போட்டுவிடுவோம். ஆயிரம் பேரில் மூன்று நான்கு பேருக்கு இது நடக்கிறது. கைதேர்ந்தவர்களுக்கும் நடந்திருக்கிறது. எனக்கும் ஒரு முறை நடந்தது.

ஆகவே குழாயில் காயம் பட்டதை வைத்தே கவனக்குறைவு என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதை அந்த ஆபரேஷன் தெரிந்த இன்னொருவர் எல்லாத் தாளையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் மூன்றாம் நாள் கண் மஞ்சளான பிறகும் ‘சில பேருக்கு இப்படி ஆகும்’ என்று மூன்று நாள் ஓட்டினார்களே, அது தனிக் கணக்கு. இந்தக் காயத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கென்றே இருக்கும் சர்ஜனிடம் அனுப்புகிறோமோ அவ்வளவு நல்லது. அங்கே வாயை மூடியது உங்கள் மனசை மட்டும் வருத்தவில்லை, அம்மாவின் கல்லீரலுக்கும் கேடு.

உங்கள் கடிதத்தில் அந்த ‘ஆகும்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். நம் தமிழில் எங்கள் தொழிலுக்கு வசதியான வினை ஒன்று இருக்கிறது. ‘கொஞ்சம் சிக்கல் ஆயிருச்சு.’ ‘ப்ளீடிங் ஆயிருச்சு.’ ‘இன்ஃபெக்‌ஷன் ஆயிருச்சு.’ மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்லிவிடலாம். யார் செய்தார்கள் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே இருக்காது. முப்பத்தாறு வருடத்தில் நானும் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

குழாய்க் காயம் பட்ட என் நோயாளியின் மகளை உட்கார வைத்து நான் சொன்னது இவ்வளவுதான்: “அம்மாவுக்கு ஆபரேஷன் பண்றப்போ வெட்டக் கூடாத குழாய்ல கை வச்சுட்டேன். நான்தான் பண்ணேன். இப்ப உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனா இன்னொரு பெரிய ஆபரேஷன் தேவைப்படும், அதை என்னைவிட நல்லாப் பண்றவர் மதுரையில இருக்கார். அவர்கிட்ட பேசிட்டேன், நானும் கூட வர்றேன்.” அந்தப் பெண் என்னைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். திட்டி முடித்துவிட்டு, “எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்றார்.

நீங்கள் போகும்போது கூட்டமாகப் போகாதீர்கள். உங்களோடு நிதானமான ஒருவர் போதும். ஓ.பி. நேரத்தில் வேண்டாம், நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். “என்ன நடந்துச்சு, எப்பத் தெரிஞ்சுச்சு, தெரிஞ்ச அன்னைக்கே ஏன் சொல்லலை” என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் முகம் என்ன ஆகிறது என்று பார்த்தால், அடுத்து என்ன செய்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒருவேளை நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நினைத்தால் காலக்கெடு இரண்டு வருடம். பழக்கத்துக்காகத் தள்ளிப்போட்டு அதைத் தவற விடாதீர்கள்.

*நான் ஸ்டாஃப் நர்ஸ், வயது 24. நைட் டூட்டியில் ஒரு பெரியவருக்கு 20 யூனிட் இன்சுலின் போட்டேன். ராத்திரி 2 மணிக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறிவிட்டது. சுகர் 38. உடனே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிச் சரி செய்துவிட்டோம். அப்புறம்தான் பார்த்தேன், வீட்டார் வெளியில் வாங்கி வந்த பாட்டில் 100 யூனிட், நான் எடுத்தது 40 சிரிஞ்ச். சீனியர் சிஸ்டர், ‘ஆள் நல்லாத்தானே இருக்கார், வாயைத் திறக்காதே’ என்கிறார். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.*
- பெயரும் ஊரும் வேண்டாம்

மகளே, முதலில் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு விளக்கம். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் இரண்டு வகையில் விற்கிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், இன்னொன்றில் 100. சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. குழல் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி. பாட்டில் 100 என்றால் அந்த அரை மில்லியில் இருப்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு. உன்னைவிட இருபது வருடம் மூத்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இப்போதே எழுந்து போய் பாட்டிலையும் சிரிஞ்சையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

இப்போது உனக்கு. உன் சீனியர் கெட்டவர் இல்லை, அவரையும் யாரோ அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். ஆனால் அவர் சொல்வது தப்பு. மனசாட்சி, தர்மம் எல்லாம் அப்புறம். கேஸ் ஷீட்டில் இப்போது என்ன இருக்கிறது? ‘20 யூனிட் போட்டோம், சுகர் 38-க்கு இறங்கியது.’ நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அதைப் படித்துவிட்டு, இவருக்கு 20 தாங்காது என்று 10-ஆகக் குறைப்பார். பெரியவரின் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்குப் போன பிறகு அவரே, ‘இன்சுலின் என்னைக் கொல்லப் பார்த்துச்சு’ என்று ஊசியை நிறுத்தினாலும் நிறுத்துவார். நீ மறைத்தது ஒரு ராத்திரியோடு முடியவில்லை, பார்த்தாயா? அது அவரோடு வீட்டுக்கே போகிறது.

அதனால் இன்றைக்கே டூட்டி டாக்டரிடமும் வார்டு இன்சார்ஜிடமும் சொல். எழுதியும் கொடு. அந்தப் பாட்டிலையும் சிரிஞ்சையும் இன்னும் தூக்கிப் போடாமல் இருந்தால் எடுத்து வை. பெரியவரிடம் நீ தனியாகப் போய்ச் சொல்லாதே. டாக்டரோடு போ. டாக்டர் பேசட்டும், நீ பக்கத்தில் நில். கடைசியில் உன் வாயால் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அப்போது ‘சாரி’ வேண்டாம். பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற சொல் அது. ‘தாத்தா, அந்த ஊசியைத் தப்பா அளந்து போட்டது நான்தான், மன்னிச்சுக்கோங்க’ என்று சொல்.

திட்டு விழலாம், மெமோ வரலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ எழுதிக் கொடுத்தால்தான், வார்டில் இரண்டு வகைச் சிரிஞ்சும் ஒரே டிரேயில் கிடக்கிற விஷயம் மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறொரு பெண், வேறொரு தாத்தா.

*நான் ஒரு சர்ஜன். நீங்கள் எழுதுவது படிக்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், ‘என் தப்பு’ என்று சொன்ன நிமிஷம் போனில் ரெக்கார்டு பண்ணுவார்கள், ஐம்பது பேர் வந்து கண்ணாடியை உடைப்பார்கள், அப்புறம் கேஸ். வெளிநாட்டுக் கதையை இங்கே சொல்லாதீர்கள்.*
- ஒரு டாக்டர், ஈரோடு

டாக்டர் தம்பி, உங்கள் பயம் கற்பனை இல்லை. நான் வேலை பார்த்த இடத்திலும் ஓ.பி. கதவு உடைந்திருக்கிறது. அதற்காகவே தமிழ்நாட்டில் 2008-ல் ஒரு சட்டம் வந்தது. வந்த பிறகும் கண்ணாடி உடைகிறது. ‘மன்னிக்கணும்’ என்று சொன்னதை வைத்தே கோர்ட்டில் பிடிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986-லேயே சட்டம் போட்டது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இருக்க வேண்டும். சங்கக் கூட்டங்களில் நாம் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான், ஆனால் அங்கே பேச்சு எப்போதும் இன்சூரன்ஸ் பிரீமியத்தில்தான் முடிகிறது.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றீர்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களும் உங்களைப் போலப் பயந்துதான் தொடங்கினார்கள். கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி ஒன்று, இரண்டு வழக்குகளில் தோற்று 15 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. இனி நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம் என்று 1987-ல் முடிவெடுத்தார்கள். ஒரு பெண்மணி சிகிச்சையில் நடந்த தப்பால் இறந்தார். மகள்களுக்கு அவரோடு பேச்சுவார்த்தையே இல்லை, இயற்கையான மரணம் என்றே நினைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அவர்களைத் தேடிப் பிடித்து உண்மையைச் சொல்லி, நஷ்ட ஈடும் கொடுத்தது. 2001-லிருந்து மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளும் இந்த வழிக்கு வந்தன. ஒரு லட்சம் சிகிச்சைக்கு மாதம் 2.13 என்றிருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்தன. இங்கிலாந்தில் 2014 முதல் அரசு ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்வது சட்டக் கடமை.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1996-ல் எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையில் 29-வது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறை மாதக் குழந்தைகளுக்கு விழித்திரை கெடும் ஆபத்து உண்டு, சில வாரத்துக்குள் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கவும் இல்லை, இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. வாயைத் திறக்காமல் இருந்தால் வழக்கு வராது என்று யார் சொன்னது?

இன்னொன்றும் சொல்கிறேன். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அது எப்படி வெளியே வந்தது? ரத்தம் கொடுத்த பையன், வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்தபோது தனக்குக் கிருமி இருப்பதைத் தெரிந்துகொண்டு, ‘என் ரத்தத்தை யாருக்கும் ஏத்திடாதீங்க’ என்று தானே ஓடி வந்து சொன்னான். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். 2016-ல் அவன் ரத்தம் கொடுத்தபோதே கிருமி தெரிந்திருந்தும் அவனுக்குச் சொல்லாமல் விட்டதாக அப்போது செய்தி வந்தது. இந்த விஷயத்தில் யாரும் கேட்காமலே வந்து உண்மையைச் சொன்ன ஒரே ஆள், படித்த நாங்கள் யாரும் இல்லை, பத்தொன்பது வயசுப் பையன். அவன் அந்த மாதம் முடிவதற்குள் செத்துப்போனான். அதைப் படித்த அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

எதைச் சொல்வது, எதை விடுவது என்று கேட்பீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். ‘ரத்தக் குழாய் கிழிஞ்சுருச்சு, எட்டு யூனிட் ரத்தம் ஏத்தியிருக்கோம், ஏன் கிழிஞ்சதுன்னு இன்னும் தெரியலை, தெரிஞ்சதும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்’ என்று சொல்வதில் எந்தக் கோர்ட்டும் உங்களைத் தூக்கிலிடாது. அப்புறம் கட்டாயம் கூப்பிடுங்கள். இருட்டு காரிடாரில் நின்றுகொண்டு பேசாதீர்கள், பில் கவுன்ட்டர் ஆளை அனுப்பாதீர்கள். 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கும்: டாக்டர்மேல் கிரிமினல் வழக்கு என்றால் சாதாரணத் தவறு போதாது, மிகப் பெரிய அலட்சியமாக இருக்க வேண்டும். வீடியோ எடுக்கிறார்களா? எடுக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து பேசிய வீடியோ பரவாயில்லை. பின் வாசல் வழியாக காரில் ஏறிய வீடியோதான் ஆபத்து.

*அப்பாவின் கேஸ் ஷீட் கேட்டால், ‘அதெல்லாம் ஆஸ்பத்திரி சொத்து’ என்கிறார்கள். கேட்க உரிமை உண்டா?*
- வாசகர், தூத்துக்குடி

உண்டு. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, இன்னொரு நகலில் சீல் வாங்குங்கள். தராவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். உள்நோயாளிகளின் தாள்களை மூன்று வருடம்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

*கண்புரை ஆபரேஷனில் லென்ஸ் சரியாக உட்காரவில்லை, இன்னொரு முறை செய்ய வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு 76 வயது, இதய நோயாளி. அவரிடம் சொல்ல வேண்டாம், ‘இரண்டு தடவையாகச் செய்வதுதான் வழக்கம்’ என்று சொல்லுங்கள் என டாக்டரைக் கேட்டுக்கொண்டேன். அவர் தயங்குகிறார்.*
- மகன், கும்பகோணம்

தயங்குகிற டாக்டர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். கண் யாருடையது? அப்பாவுக்கு இதயம்தான் பலவீனம், புத்தி பலவீனம் இல்லையே. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஒரே தடவையில் வீட்டுக்குப் போவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

*ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்களே, நீங்கள் தப்புச் செய்து மறைத்ததே இல்லையா?*
- வாசகி, காரைக்குடி

இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

1994. ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. ராத்திரி பதினொரு மணிக்குக் குடல்வால் வெடித்து ஒரு பெண் வந்தார், வயது முப்பது இருக்கும். வயிறு முழுக்கச் சீழ். நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் மூன்றாவது இழுப்பில்தான் பிடித்தது. மாப் கணக்கைத் தியேட்டர் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதுவார்கள். (மாப் என்றால் வயிற்றுக்குள் ரத்தத்தையும் சீழையும் ஒற்றி எடுக்கிற துணி.) சிஸ்டர் ‘சரியா இருக்கு டாக்டர்’ என்றார், மூடினேன்.

மூன்று வாரம் கழித்து அதே பெண் காய்ச்சலோடு வந்தார், வலது அடி வயிற்றில் கட்டி. திறந்தால் உள்ளே ஒரு மாப். எடுத்தேன். வெளியே கணவர் நிற்கிறார், பவர்லூம் ஓட்டுகிறவர். எங்கள் சீஃப் என் தோளைத் தட்டி, “சீழ்க் கட்டின்னு சொல்லிரும்மா, பொய் இல்லையே” என்றார். பொய் இல்லைதான், சீழ் இருந்தது. “உள்ளே சீழ் கட்டி ஆயிருச்சு, எடுத்தாச்சு” என்று சொன்னேன். டிஸ்சார்ஜ் ஆன அன்று அந்த மனிதர் ஒரு தார் வாழைப்பழம் கொண்டு வந்து என் மேஜையில் வைத்துக் கும்பிட்டார். ஒரு பழம்கூட என் வாயில் இறங்கவில்லை. தியேட்டர் ஆட்கள் தின்று தீர்த்தார்கள்.

ரிட்டயர் ஆன வருடம் அந்த ஊர் வழியாகப் போக வேண்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு போனேன். கணவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த அம்மாதான் கதவைத் திறந்தார், அடையாளம் கண்டுகொண்டார். காபி போட்டார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன், சீழ்க் கட்டி இல்லை, துணி, நான்தான் உள்ளே வைத்துத் தைத்தேன் என்று.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஆஸ்பத்திரி ஆயா அன்னைக்கே சொல்லிட்டா டாக்டரம்மா” என்றார்.

“அப்ப ஏன் கேட்கலை?”

“நீங்களா சொல்வீங்கன்னு இவரு ரெண்டு நாளு ரூமு வாசல்ல வந்து நின்னாரு. வாழைத்தாரு கொண்டாந்தப்பக்கூட அதுக்குத்தான் நின்னாரு.”

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் எழுந்து உள்ளே போய், பேத்தியின் பழைய கணக்கு நோட்டும் ஒரு பேனாவும் எடுத்து வந்தார். “இதுல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. போன வருசம் ஸ்கேன் எடுத்தப்ப, உள்ள குடலு ஏன் இப்படி ஒட்டியிருக்குன்னு அந்த டாக்டரு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியலை.”

ஒரு தாள் கிழித்து, தேதி, எந்தப் பக்கம், என்ன வைத்தேன், எப்போது எடுத்தேன் எல்லாம் எழுதினேன். கீழே கையெழுத்தும் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணும் போட்டேன். அவர் அதை நாலாக மடித்து, ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் கவரில் வைத்தார்.